பாய் அளவு பச்சை

என் அப்பாவின் கைக்கு எங்கள் ஊரில் ஒரு மரியாதை இருந்தது. அப்பாவுக்கு இல்லை, கைக்கு மட்டும். விதைப்புக் காலம் வந்தால் மிராசுதார் வீட்டு ஆள் எங்கள் தெரு முனையில் நின்று கூப்பிடுவான். அப்பா குளித்துவிட்டுத் திருநீறு பூசிக்கொண்டு போவார். நாற்றங்காலில் முதல் கை நெல்லை அவர்தான் வீச வேண்டும். ராசியான கை, அவர் வீசினால் ஒரு மணிகூடத் தப்பாது என்பார்கள். வீசி முடித்ததும் வாய்க்காலில் கை கழுவிக்கொண்டு, கொல்லைப் பக்கம் நின்று கொடுப்பதை வாங்கிக்கொண்டு வருவார். கை உள்ளே போகலாம், கால் போகக்கூடாது. சின்ன வயதில் இதைக் கேலியாகச் சொல்லி அம்மாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஊர் நீடாமங்கலத்துக்குத் தெற்கே, வாய்க்கால் முடிந்துபோகும் இடத்தில் இருந்தது. ஆற்றில் தண்ணீர் விட்டால் மேலே இருப்பவர்கள் எல்லாரும் எடுத்துக்கொண்டது போக மிச்சம்தான் எங்களுக்கு. நிலத்தில் பாதிக்கு மேல் ஒரே மிராசுதாருடையது. உச்சவரம்புச் சட்டம் வந்தபோது மனிதர் மைத்துனன், மாமியார், வண்டி ஓட்டுகிறவன் என்று வாயில் வந்த பெயரிலெல்லாம் எழுதிவைத்தார். அப்படியும் கொஞ்சம் மிஞ்சிவிட்டது. அதைச் சர்க்கார் எடுத்து எங்கள் தெருவுக்குப் பிரித்துக் கொடுத்தது. கறுப்பு சிவப்புக் கொடியும் செங்கொடியும் போட்டி போட்டுக்கொண்டு பறந்த காலம் அது. பட்டா எங்களால்தான் வந்தது என்று இரண்டு பக்கமும் மேடை போட்டுப் பேசினார்கள். யாரால் வந்தது என்பதில் அப்பாவுக்கு அக்கறை இல்லை. தாளை மஞ்சள் பையில் போட்டு, பையை ட்ரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டி, பெட்டியை ஒட்டிப் படுத்துக்கொண்டார்.

எங்கள் பங்கு ஒரு ஏக்கர். மிராசுதாரின் தென்னந்தோப்பை ஒட்டி இருந்ததால் அதை மட்டும் விட அவருக்கு மனசு வரவில்லை. நிலம் இன்னும் தன் அனுபவத்தில்தான் இருக்கிறது, பட்டா வாங்கியவன் அதில் பயிர் வைக்கவே இல்லை என்று வழக்குப் போட்டார். முதல் வருஷம் அவருடைய ஆட்கள் வரப்பில் தடியோடு நின்றார்கள். அதனால் உண்மையிலேயே வைக்க முடியவில்லை. அடுத்த வருஷம் கோர்ட்டு எங்களை இறங்கவிட்டது. விவசாயக் கூலிகள் சங்கத்து வக்கீல் அப்பாவை உட்காரவைத்துச் சொன்னார்.

"கார்த்திகையில அதிகாரிங்க வந்து பாப்பாங்க. பயிர் நின்னுச்சுன்னா அடங்கல்ல உங்க பேரு ஏறிடும். ஏறிட்டா யாரும் அசைக்க முடியாது. தரிசுன்னு எழுதிட்டாங்கன்னா அதோட போச்சு. நீங்க வேற எதுவும் பண்ண வேணாம். பயிர் நிக்கணும், அவ்வளவுதான்."

அடங்கல் என்பது எந்த நிலத்தில் யார் என்ன பயிர் வைத்திருக்கிறார்கள் என்று வருஷாவருஷம் எழுதும் பதிவேடு. அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்த வருஷம் முழுக்க அவர் வாயில் அந்தச் சொல்தான் இருந்தது.

நான் அப்போது தஞ்சாவூரில் ஹாஸ்டலில் தங்கி பி.எஸ்சி. இயற்பியல் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். அந்தக் கொழுப்பு எனக்கு நிறைய இருந்தது.

அந்த வருஷம் ஆற்றில் தண்ணீர் வரவில்லை. ஆகவே புழுதி விதைப்புத்தான். காய்ந்த மண்ணை உழுது, விதையை வீசிவிட்டு, வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். விதை அம்மாவிடம் இருந்தது. அறுவடை முடிந்து மூட்டைகள் போன பிறகு, களத்தைக் கூட்டி அள்ளிக்கொள்வது எங்கள் தெருப் பெண்களுக்கு இருந்த உரிமை. மண்ணும் தூசியும் நெல்லுமாகக் கூட்டி எடுத்துவந்து புடைத்து வைப்பார்கள். அம்மா அந்த வருஷம் போகாத களம் இல்லை. ஒரு களத்தில் குட்டை நெல், இன்னொன்றில் மட்ட நெல், மற்றொன்றில் பாதி முற்றியது. எல்லாம் ஒரே குதிரில் கலந்து கிடந்தது. நிறமே மூன்று நான்கு இருக்கும். அதைத்தான் எங்கள் சொந்த நிலத்தில் விதைக்கப் போகிறோம் என்று அம்மா சொன்னபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நம்ம நெலத்துலகூட அவங்க களத்துக் குப்பையத்தான் போடணுமா?" என்று கத்தினேன். "இதுல ஒண்ணு இன்னிக்கு மொளைக்கும், ஒண்ணு அடுத்த வாரம் மொளைக்கும். பாக்குறவன் சிரிப்பான். அதிகாரி வந்து பாக்கறப்ப பயிருன்னா பயிரு மாதிரி இருக்க வேணாமா?"

அப்பா என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். குப்பை என்ற சொல் அவருக்கு எங்கேயோ குத்தியிருக்க வேண்டும். "பாப்பா சொல்றதும் சரிதான்" என்றார்.

விவசாய டிப்போவில் விதை நெல் வாங்கி, பஸ் மேலே ஏற்றி, நானே கொண்டுவந்தேன். மூட்டை வாயில் நீல நிறத்தில் ஒரு சீட்டு தைத்திருந்தது. சர்க்கார் சோதித்து நல்ல விதை என்று சொன்னதற்கு அத்தாட்சி. அதைப் பிரித்துப் பத்திரப்படுத்திக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் படித்தபடி, முட்டை மிதக்கும் அளவுக்கு உப்பைக் கரைத்து, நெல்லைக் கொட்டி, மிதந்ததையெல்லாம் அள்ளி எறிந்து, அடியில் தங்கிய கனத்த மணிகளை மட்டும் கழுவிக் காயவைத்தேன். ஒன்றுக்கொன்று வித்தியாசமே சொல்ல முடியாது. அவ்வளவு அழகு. அம்மா ஒரு முறத்தில் தன் கூட்டு நெல்லை எடுத்துவந்து, "ஒரு மொறம் கலந்துக்கறேனே" என்று கேட்டாள். முடியவே முடியாது, கோழிக்குப் போடு என்றேன். அவள் கோழிக்குப் போடவில்லை. விதைப்பு அன்று, யாரும் பார்க்காதபோது அந்த முறத்து நெல்லை நிலத்தின் தோப்புப் பக்கத்து மூலையில் கொட்டிக் காலால் கிளறிவிட்டிருக்கிறாள்.

மீதி ஏக்கர் முழுவதும் அப்பா வீசினார். முதல் தடவையாக அந்தக் கை தன் சொந்த மண்ணில் வீசியது. வழக்கமாக முதல் கையோடு திரும்பிவிடுகிறவர், அன்றைக்குக் கடைசிக் கைவரை வேறு யாரையும் தொடவிடவில்லை.

புரட்டாசி நடுவில் ஒரு மழை பெய்தது. ஆயுதபூஜை விடுமுறைக்கு வந்திருந்தேன். நான்கு நாளில் முளைத்தது. முளைத்தது என்றால், ஒரே நாளில், ஏக்கர் முழுக்க, ஒரே உயரத்தில். எங்கள் தெரு முழுவதும் வந்து பார்த்தது. "பாத்தியா, எம் மவ கொண்டாந்த வெத" என்று அப்பா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். தோப்பு மூலையில் மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சொட்டையாக இருந்தது. அது தன் முறத்து நெல் என்று அம்மா அப்போதுதான் சொன்னாள், அவளைக் கேலிகூடச் செய்தேன்.

பிறகு மழை நின்றுவிட்டது. ஒரு நாள், இரண்டு நாள் இல்லை, மூன்று வாரம். அக்கினி நட்சத்திரம் மாதிரி வெயில். பக்கத்துக் குளம் மிராசுதாருடையது. அதில் குடம் வைக்கவிடவில்லை. அப்பாவும் அம்மாவும் ஒரு மைல் தள்ளி இருந்த பொதுக் குட்டையிலிருந்து தலையில் சுமந்துவந்து ஊற்றினார்கள். ஒரு ஏக்கருக்குக் குடத்தால் தண்ணீர் ஊற்றிக் கட்டுப்படியாகுமா? ஒரே நாளில் முளைத்தது போலவே ஒரே வாரத்தில் எல்லாம் காய்ந்தது. நான் ஹாஸ்டலில் இருந்ததால் அதைப் பார்க்கவில்லை. தீபாவளிக்கு வந்தபோது பார்த்தேன். மண்ணோடு மண்ணாக வைக்கோல் நிறத்தில் கிடந்தது. கையால் தொட்டால் நொறுங்கியது.

ஐப்பசிக் கடைசியில் உண்மையான மழை வந்தது. விடாமல் பெய்தது. மறுபடி விதைக்க நேரமும் இல்லை, விதையும் இல்லை. மிச்சமிருந்த கூட்டு நெல்லைத் தண்ணீர் சுமந்த நாட்களில் குத்திச் சாப்பிட்டிருந்தார்கள். நாற்று வாங்கி நடலாம் என்று அப்பா நான்கு ஊர் அலைந்தார். எங்களுக்குக் கொடுக்கக்கூடாது என்று மிராசுதாரின் ஆட்கள் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார்கள். பணம் கையில் இருந்தும் ஒரு முடி நாற்று கிடைக்கவில்லை. வெறும் கையோடு வந்து வரப்பில் உட்கார்ந்தபோதுதான் தோப்பு மூலையில் அதைப் பார்த்தார். ஒரு பாய் விரித்த அளவுக்குப் பச்சை. அந்த இடத்தில் மட்டும் நெல் இப்போதுதான் முளைத்து, காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

கார்த்திகையில் ரெவின்யூ இன்ஸ்பெக்டரும் கணக்குப்பிள்ளையும் வந்தார்கள். மிராசுதார் குடை பிடித்தபடி தோப்பு ஓரத்தில் நின்றார். நானும் கல்லூரிக்கு மட்டம் போட்டுவிட்டு வந்திருந்தேன். கையில் அந்த நீலச் சீட்டு. நாங்கள் விதைத்தோம், நல்ல விதைதான் விதைத்தோம் என்று அதைக் காட்டிச் சொல்லிவிடலாம் என்று ஒரு நப்பாசை.

இன்ஸ்பெக்டர் நிலத்தைச் சுற்றிப் பார்த்தார். கொடுமைக்காரர் இல்லை. "மூலையில கொஞ்சம் இருக்கு" என்று அவரே சொன்னார். மிராசுதார் சிரித்தார். "அந்தப் பாயி அளவையா பயிருன்னு எழுதப் போறீங்க?"

அப்போது அம்மா வாயைத் திறந்தாள். அதிகாரிகள் முன்னால் அவள் பேசி நான் அதற்குமுன் கேட்டதில்லை. "அய்யா, அது என் கூட்டு நெல்லுங்க. நான் கொட்டுனது. அத வெதச்சிருந்தா மொத்தமும் இப்படித்தான்..."

"சும்மா இருடி" என்றார் அப்பா. அவர் அம்மாவை அப்படி அதட்டியதும் அதுதான் முதல் தடவை. பிறகு இன்ஸ்பெக்டரைப் பார்த்துச் சொன்னார். "அது பள்ளமான மூலைங்கய்யா. தண்ணி நின்னுருக்கும், அதான் பொழச்சிருக்கு. வெதையில ஒரு கொறையும் இல்லீங்க. என் கைதான் ராசியில்லாம போச்சு." வலது கையை எல்லாருக்கும் தெரியும்படி முன்னால் நீட்டினார்.

கணக்குப்பிள்ளை தரிசு என்று எழுதிக்கொண்டார். மூன்று மாதத்தில் நிலம் போயிற்று.

பள்ளமான மூலை என்று கேட்டதும் எனக்கு ஏற்பட்ட நிம்மதியை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. பள்ளத்தில் தண்ணீர் தங்கும், தங்கினால் பிழைக்கும். படித்த பிள்ளைக்கு அந்த விளக்கம் போதுமானதாக இருந்தது. வெயில் எரித்த மூன்று வாரத்தில் எந்தப் பள்ளத்தில் தண்ணீர் நின்றிருக்கும் என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பரீட்சை இருந்தது, ஹாஸ்டலுக்குத் திரும்பிவிட்டேன்.

அப்பா அதற்குப் பிறகு விதைக்கவில்லை. தெரு முனையில் வந்து கூப்பிடுவது நின்றுபோனது மட்டும் இல்லை, கூப்பிட்டாலும் அவர் போயிருக்க மாட்டார். அறுக்கப் போவார், மூட்டை தூக்குவார், வரப்பு வெட்டுவார். வீட்டுக் கொல்லையில் ஒரு அவரை விதை ஊன்றச் சொன்னால்கூட, "நீ போடு, நம்ம கை வேணாம்" என்று அம்மாவிடம் கொடுத்துவிடுவார். மிராசுதாருக்கு அப்புறம் மகன் வந்தான், மகன் சிங்கப்பூர் போனான், நிலத்தையெல்லாம் குத்தகைக்கு விட்டான். அந்த ஒரு ஏக்கரிலும் அப்பா கூலிக்கு அறுத்தார். பணம் அனுப்புகிறேன், வேலையை விடுங்கள் என்று நான் சொன்னால் சிரிப்பார். அம்மா முதலில் போனாள். கூட்டு நெல்லைப் பற்றி அவள் மறுபடி பேசவே இல்லை.

நான் ஒரு பெண்கள் கல்லூரியில் வாத்தியாரானேன். நாற்பதைத் தாண்டிய பிறகு, ஆராய்ச்சி செய்தால்தான் மதிப்பு என்று யாரோ கிளப்பிவிட, வாரக் கடைசியில் திருச்சிக்குப் பஸ் ஏறினேன். என் வழிகாட்டி என்னைவிட எட்டு வயது சின்னவர். தலைப்பு, இரைச்சல். காதில் விழும் இரைச்சல் இல்லை. எந்த மின்சுற்றிலும், எந்த உயிரிலும் காரணம் சொல்ல முடியாமல் கொஞ்சம் கூடிக் கொஞ்சம் குறைந்து நடுங்கிக்கொண்டே இருக்கும் அந்தச் சின்ன ஏற்ற இறக்கங்கள். முதல் வருஷம் முழுவதும் அதை எப்படி ஒழிப்பது என்றே பார்த்தேன். கம்பியைச் சுற்றி உறை போட்டேன், பெட்டிக்குள் பெட்டி வைத்தேன். அவர் பார்த்துவிட்டு, "மேடம், அத ஏன் தொரத்துறீங்க? இங்க வேலை செய்யறதே அதுதான்" என்றார்.

உலகத்தில் சில காரியங்கள் இரண்டு மடங்கு தள்ளினால் இரண்டு மடங்கு நகரும். சில அப்படி இல்லை. ஒரு வரம்பு வரை அசையவே அசையாது. தாண்டினால் ஒரேயடியாக மாறிவிடும். மழைக்காலத்தில் உப்பிப்போன கதவு மாதிரி. சீராகத் தள்ளினால் திறக்காது. இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டே தள்ளினால் ஏதோ ஒரு ஆட்டத்தில் திறந்துகொள்ளும். எந்த ஆட்டத்தில் என்று யாராலும் சொல்ல முடியாது. என் சுற்றில் நான் பார்த்ததும் அதுதான். தனியாக வரம்பைத் தாண்ட முடியாத பலவீனமான ஒரு துடிப்பு, கொஞ்சம் இரைச்சலைச் சேர்த்ததும் தாண்டியது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆராய்ச்சி பிடித்துப்போயிற்று.

பக்கத்துத் துறையிலிருந்து ஒரு அம்மாள் ஒரு நாள் எங்களுக்குப் பேச வந்தார். கையில் ஒரு தட்டு, அதில் ஈரத்துணி, துணிமேல் காட்டுப்புல் விதைகள். எல்லாம் ஒரே செடியிலிருந்து எடுத்தவை, ஒரே தண்ணீர், ஒரே வெளிச்சம். சில இரண்டாம் நாளே முளைத்துவிட்டன, சில பத்தாம் நாள், சில இன்னும் தூங்கிக்கொண்டிருந்தன. தூங்கு என்று சொல்லும் ரசாயனச் சரக்கும் எழுந்திரு என்று சொல்லும் சரக்கும் விதைக்குள் மிகக் கொஞ்சம்தான் இருக்கின்றன, அதனால் அவற்றின் அளவு தற்செயலாகக் கூடிக் குறைகிறது, எது எப்போது வரம்பைத் தாண்டும் என்பது அந்த விதைக்கே தெரியாது என்றார். "எல்லாம் ஒரே நாள்ல முழிச்சுட்டா, அப்புறம் மழை நின்னா வம்சமே போயிடும். இந்தக் கோணல்தான் அதுக்குக் காவல். நல்ல விதைன்னு நாம தேர்ந்தெடுக்கறப்ப முதல்ல எடுத்துப் போடறது இதைத்தான்."

யாரோ கேள்வி கேட்டார்கள். நான் எழுந்து வெளியே போய்க் குழாயடியில் நின்றேன். முகம் கழுவிக் கழுவி, முந்தானை முழுக்க நனைந்துபோயிற்று. மூன்று நான்கு நிறத்தில் கலந்து கிடந்த அம்மாவின் நெல்லைக் குப்பை என்று சொன்னவள் நான். உப்புக் கரைத்து, முட்டை மிதக்கவிட்டு, அந்தக் கோணலையெல்லாம் அள்ளி எறிந்தவள் நான். கூட்டு நெல்லில் ஞானம் எதுவும் இல்லை, அது வெறும் இல்லாமை, அது எனக்குத் தெரியும். ஆனால் பாதியாவது தூங்கியிருக்கும். ஐப்பசி மழைக்குப் பாதியாவது எழுந்து நின்றிருக்கும். அடங்கலுக்குப் பாதிப் பயிர் போதும்.

அப்பா அப்போது உயிரோடுதான் இருந்தார். அந்த வாரமே ஊருக்குப் போனேன், சொல்லிவிடுவது என்று. உங்கள் கையில் ஒரு குற்றமும் இல்லை, எல்லாம் நான் கொண்டுவந்த விதை. இரண்டே வாக்கியம். "லீவா பாப்பா?" என்று கேட்டுவிட்டு எனக்குக் கருவாடு வாங்கிவர நடந்தே கடைத்தெருவுக்குப் போனார். சாப்பிட்டேன். வாய் வரவில்லை. சொன்னால் கை திரும்பக் கிடைக்கும், மகள் போய்விடுவாள் என்று எனக்கு நானே ஏதோ சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயம்தான். அடுத்த மாதம் போனேன், அப்போதும் சொல்லவில்லை. பொங்கலுக்கும் சொல்லவில்லை. இப்படியே இரண்டு வருஷம் ஓட்டினேன். ஒரு ஐப்பசியில், களத்துமேட்டில் உட்கார்ந்தபடியே அவர் போய்விட்டார் என்று தகவல் வந்தது.

புதைத்த மறுநாள் பால் தெளிக்கும்போது அந்த மண்ணின்மேல் நவதானியம் தூவினார்கள். எனக்கும் ஒரு பிடி கொடுத்தார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து போய்ப் பார்த்தேன். சில விரல் நீளம் வளர்ந்திருந்தன, சில அப்போதுதான் மண்ணைக் கீறிக்கொண்டு வந்தன. அங்கே நின்று அந்த இரண்டு வாக்கியத்தையும் சத்தமாகச் சொன்னேன். கேட்க ஆள் இல்லாதபோது சொல்வது எவ்வளவு சுலபமாக இருந்தது.

திரும்பும்போது அந்த ஒரு ஏக்கர் பக்கமாக நடந்தேன். முந்தின நாளெல்லாம் நல்ல மழை. வயல் முழுக்கத் தண்ணீர் நின்றது. குத்தகைக்காரரிடம் வேலை பார்க்கும் ஒருவர் மடையைத் திறந்துகொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும், எங்கள் தெருக்காரர்தான். அவருடைய சாப்பாட்டுத் தூக்கும் சட்டையும் தோப்பு மூலையில் இருந்தன. அந்த மூலையில் மட்டும் தண்ணீர் இல்லை. ஈர மண் மேலே தெரிந்தது.

"அங்க மட்டும் ஏங்க தண்ணி இல்ல?" என்றேன்.

"அது மேட்டு மூலைங்கம்மா. எவ்வளவு மழை பேஞ்சாலும் அங்க நிக்காது. நான் மொத மொதல்ல இங்க வேலைக்கு வந்தப்ப உங்கப்பாதான் சொன்னாரு, இந்த நெலத்துலயே ஒசரம் அதுதான், தூக்க அங்க வைடா நனையாதுன்னு."

அவர் மறுபடி மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மடைக்குப் போனார். நான் வரப்பிலேயே நின்றேன். அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது. அம்மா சொன்னதுதான் சரி என்று, இன்ஸ்பெக்டர் எதிரிலேயே, அந்த நிமிஷமே தெரிந்திருக்கிறது. அன்றைக்கு நான் அவருக்கு நேர் எதிரே நின்றுகொண்டிருந்தேன், கையில் நீலச் சீட்டோடு. என்னைப் பார்த்துவிட்டுத்தான் அவர் தன் கையை முன்னால் நீட்டினார்.